காஸ் பில்: 123 யூனிற் எப்படி 3,896 கிலோவாற் மணி ஆனது?

ஹாரோ_புதுக்குடி

எல்லோருக்கும் வணக்கம். ஒக்டோபரில்தான் லண்டன் ஹாரோவில் இந்த வீட்டுக்கு வந்தோம். பழைய வீடு, மூன்று அறை, நாலு பேர். டிசம்பர் மாதக் காஸ் பில் 240 பவுண்ஸைத் தாண்டி வந்திருக்கிறது. மின்சாரம் இதில் சேரவில்லை, காஸ் மட்டும்தான்.

பில்லின் இரண்டாம் பக்கத்தில் இருப்பது இது:

முந்தைய வாசிப்பு 0629
இப்போதைய வாசிப்பு 0752
பாவித்தது 123 யூனிற்
கலோரிப் பெறுமானம் 39.4
மொத்தம் 3,896 கிலோவாற் மணி
விலை கிலோவாற் மணிக்கு 6 பென்ஸ்

123 எப்படி 3,896 ஆகிறது? கம்பனிக்கு எடுத்துக் கேட்டால், "அது சிஸ்டம் போடுகிற கணக்கு" என்கிறார்கள். இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள். வாசிப்பு நான்தான் எடுத்து அனுப்பினேன், அதில் பிழை இல்லை.

---

மதுரைக்காரன்_இல்ஃபோர்ட்

வணக்கம் சகோ. கணக்கு இதுதான்:

கன மீட்டர் × 1.02264 × கலோரி மதிப்பு ÷ 3.6 = கிலோவாட் மணி

உங்க எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 123 × 1.02264 = 125.78. அதை 39.4 ஆல் பெருக்கினால் 4,956. 3.6 ஆல் வகுத்தால் 1,377 கிலோவாட் மணி. 6 பென்ஸ் வீதம் சுமார் 82.60 பவுண்டு, அப்புறம் தினசரி நிலைக் கட்டணம். அவ்வளவுதான் வரணும்.

இப்போ 3,896-ஐ 1,377 ஆல் வகுத்துப் பாருங்க. 2.83 வரும். இந்த எண் தற்செயலா வராது. நூறு கன அடி என்றால் 2.83 கன மீட்டர். உங்க வீட்டு மீட்டரைக் கன அடி மீட்டர் என்று நினைத்துப் பில் போட்டிருக்கிறார்கள். முதலில் மீட்டர் முகத்தைப் போய்ப் பாருங்க.

---

சாந்தி_லூயிஷம்

தம்பி ஹாரோ, மதுரைக்காரன் சொன்னதை உடனே பாருங்கோ. எங்கள் குடும்பத்திலும் இதே 2.83 பிரச்சினை வந்தது, வேறு விதமாக. பிறகு எழுதுகிறேன்.

எனக்கு ஒரு கேள்வி. மின்சார மீற்றர் நேராகக் கிலோவாற் மணியைக் காட்டுகிறது. காஸுக்கு மட்டும் ஏன் இத்தனை பெருக்கல், வகுத்தல்? கன மீற்றருக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் என்ன?

---

கொதிகலன்

சாந்தி அக்கா கேட்டது சரியான கேள்வி. நான் காஸ் பொயிலர் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மீற்றர் அளப்பது காஸ் பிடிக்கும் இடத்தை, அதாவது கனவளவை மட்டும்தான். எத்தனை கன மீற்றர் அதன் ஊடாகப் போனது என்று எண்ணும். அந்தக் காஸில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் காசு கொடுப்பது சூட்டுக்கு. இந்த இரண்டுக்கும் இடையில்தான் மூன்று எண்கள் வருகின்றன.

கலோரிப் பெறுமானத்தை முதலில் பார்ப்போம். ஒரு கன மீற்றர் காஸை முழுதாக எரித்தால் எத்தனை மெகா ஜூல் சூடு வரும் என்பதுதான் அது. இயற்கை வாயு எல்லாம் ஒரே சரக்கு இல்லை. பெரும்பங்கு மீதேன். தனி மீதேன் என்றால் ஏறக்குறைய 37.7 மெகா ஜூல். ஈதேன், புரொப்பேன் கலந்திருந்தால் கூடும். நைதரசன், காபனீரொட்சைட் கலந்திருந்தால் குறையும். வடகடல் காஸ், நோர்வேயிலிருந்து குழாயில் வருவது, கட்டாரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் திரவமாக வருவது, எல்லாம் கலந்துதான் எங்கள் அடுப்புக்கு வருகிறது. பிரித்தானியாவில் இந்தப் பெறுமானம் பொதுவாக 37.5 முதல் 43 வரை. இங்கே விநியோகப் பகுதிகள் 13. ஒவ்வொன்றுக்கும் இது நாள்தோறும் அளந்து வெளியிடப்படுகிறது, உங்கள் பில் காலத்தின் சராசரிதான் பில்லில் அச்சாகிறது. அடுத்த பில்லில் 39.4 என்பது 39.1 ஆகவோ 39.7 ஆகவோ மாறியிருந்தால் பயப்பட வேண்டாம்.

அடுத்தது 1.02264. காஸ் குளிரில் சுருங்கும், சூட்டில் விரியும், அழுத்தம் கூடினாலும் சுருங்கும். கலோரிப் பெறுமானம் அளக்கப்படுவது 15 பாகை செல்சியஸ், 1013.25 மில்லிபார் என்ற நிலையில். உங்கள் மீற்றரில் காஸ் அந்த நிலையில் இருப்பதில்லை. அதனால் 1996ஆம் ஆண்டின் விதிமுறையில் வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு நிலையை எடுத்துக்கொண்டார்கள்: காஸின் வெப்பநிலை 12.2 பாகை, மீற்றரில் வெளிக்காற்றைவிட 21 மில்லிபார் கூடுதல் அழுத்தம், கடல் மட்டத்திலிருந்து அறுபது எழுபது மீற்றர் உயரம். கையால் போட்டுப் பார்க்கலாம். வெப்பநிலைக்கு 288.15 ÷ 285.35 = 1.0098. உயரத்தால் காற்றழுத்தம் சுமார் 8 மில்லிபார் குறையும், 21 கூடும், ஆக அழுத்தத்துக்கு 1.0128 அளவில். இரண்டையும் பெருக்கினால் 1.02264க்கு ஒட்டி வரும்.

3.6 வெறும் அலகு மாற்றம். ஒரு கிலோவாற் மணி 3.6 மெகா ஜூல்.

இத்தனையும் சேர்த்தால் மனதில் வைக்க வேண்டியது ஒரே எண்: ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 11.2 கிலோவாற் மணி. பழைய மீற்றரில் ஒரு யூனிற், அதாவது நூறு கன அடி, ஏறக்குறைய 31.7. உங்கள் பில்லில் கிலோவாற் மணியை யூனிற்றால் வகுங்கள். 11 பக்கம் வந்தால் கன மீற்றர், 31 பக்கம் வந்தால் கன அடி. அது உங்கள் சுவரில் இருக்கிற மீற்றரோடு பொருந்த வேண்டும். மற்ற எண்களில் ஒரு வீதம் இரண்டு வீதம் போகலாம், வரலாம். இது பிழைத்தால் பில் மூன்று மடங்கு.

---

பழைய_குரோய்டன்

ஒரு சின்னத் தகவல். சூட்டுக்குக் காசு வாங்கும் வழக்கம் இந்த நாட்டில் நூறு வருடப் பழசு. 1920இல் வந்த சட்டம் தெர்ம் என்ற அலகில் விற்கச் சொன்னது. ஒரு தெர்ம் 29.3 கிலோவாற் மணி. அப்போது நிலக்கரியிலிருந்து எடுத்த காஸ்தான் வீடுகளுக்கு வந்தது, அதில் சூடு இன்றைய காஸின் பாதி அளவுதான். 1967இலிருந்து 1977 வரை வீடு வீடாகப் போய் அடுப்புகளை மாற்றி இயற்கை வாயுவுக்குக் கொண்டுவந்தார்கள். கன அடிக்கு விலை வைத்திருந்தால் அந்த மாற்றத்தின்போது கணக்கே குழம்பியிருக்கும்.

இப்போதும் செய்தியில் மொத்தச் சந்தை விலையைத் தெர்முக்கு இத்தனை பென்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். 80 பென்ஸ் என்று கேட்டால் 29.3 ஆல் வகுங்கள். கிலோவாற் மணிக்கு 2.7 பென்ஸ். உங்கள் பில் விலையில் மிச்சம் குழாய்ச் செலவு, கம்பனிச் செலவு, 5 வீத வற் வரி.

---

ஹாரோ_புதுக்குடி

படியின் கீழ் இருக்கிற அலுமாரிக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். முகத்தில் ஐந்து கறுப்பு இலக்கம்: 00758. பிறகு ஒரு புள்ளி, பிறகு சிவப்புக் கட்டத்துக்குள் மூன்று இலக்கம். வலப்பக்கம் எம் என்ற எழுத்தும் தலையில் சின்ன 3உம். அடி என்று எங்குமே இல்லை.

இன்னொன்றும் கண்டேன். மீற்றரில் ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரும் பில்லில் இருக்கிற சீரியல் நம்பரும் வேறு வேறு!

---

மதுரைக்காரன்_இல்ஃபோர்ட்

அப்போ சந்தேகமே இல்லை. நீங்க வருவதற்கு முன்னாடி பழைய கன அடி மீட்டரைக் கழற்றிப் புதுசு மாட்டியிருக்கிறார்கள். கம்பெனிப் பதிவேட்டில் பழையது அப்படியே இருக்கு. உங்க பில்லில் வாசிப்பு நாலு இலக்கமாக இருப்பதும் அதனால்தான். கன அடி மீட்டருக்கு நாலு, கன மீட்டருக்கு ஐந்து.

---

கொதிகலன்

ஹாரோ தம்பி, எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கம்பனிக்காரர் எதிர்க்கேள்வி கேட்டால் கையில் ஆதாரம் இருக்கும்.

பொயிலரை நிறுத்துங்கள். சுடுதண்ணீரை யாரும் திறக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். மீற்றரின் எட்டு இலக்கத்தையும் படம் எடுங்கள். பிறகு அடுப்பில் பெரிய பேர்னர் ஒன்றை முழுதாகப் பத்து நிமிடம் எரிய விடுங்கள், மேலே ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள், காஸ் வீணாகாது. கடைசிச் சிவப்பு இலக்கம் ஒரு லீற்றர். 3 கிலோவாற் பேர்னர் என்றால் நிமிடத்துக்கு நாலரை லீற்றர் அளவில் ஓடும், பத்து நிமிடத்தில் 45 லீற்றர். சிவப்பு இலக்கம் 0.040க்கும் 0.050க்கும் இடையில் நகர்ந்திருந்தால் மீற்றர் கன மீற்றரில்தான் ஓடுகிறது, ஒழுங்காகவும் ஓடுகிறது.

அடுப்பையும் பொயிலரையும் நிறுத்திய பிறகு அந்தக் கடைசி இலக்கம் நகர்ந்தால் மட்டும் விளையாட வேண்டாம். கசிவாக இருக்கலாம். மீற்றர் பக்கத்து வால்வை மூடி, யன்னலைத் திறந்து, 0800 111 999க்கு எடுங்கள். அது இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும் இலவச எண்.

கம்பனிக்குத் தொலைபேசி வேண்டாம், எழுத்தில் போடுங்கள். முறைப்பாடு என்ற சொல் முதல் வரியிலேயே இருக்கட்டும். மீற்றர் முகத்தின் படம், சீரியல் நம்பரின் படம், பில்லில் இருக்கிற எம்.பி.ஆர்.என் எண் (உங்கள் வீட்டுக் காஸ் இணைப்பின் அடையாள எண்), நீங்கள் கையால் போட்ட கணக்கு. எட்டு வாரத்தில் தீராவிட்டால் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது கம்பனிக்கு வெளியே முறைப்பாடுகளை விசாரிக்கும் அமைப்பிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

---

சாந்தி_லூயிஷம்

இப்ப எங்கள் கதை. என் தங்கை வீட்டில் இருந்தது உண்மையான கன அடி மீற்றர், கம்பனிப் பதிவில் கன மீற்றர். ஆகவே பில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. சின்னக் குடும்பம், சிக்கனமாய் இருக்கினம் என்று எல்லோரும் நினைத்தோம். கம்பனி ஒரு நாள் கண்டுபிடித்து, பல வருடத்துக் குறையையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் கேட்டு எழுதியது. அவள் அழுதுவிட்டாள்.

பிறகுதான் தெரியவந்தது, 2018 மே மாதத்திலிருந்து ஒரு விதி இருக்கிறது. கம்பனியின் பிழையால் பில் குறைவாய் வந்திருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு முந்திய காஸுக்குக் காசு கேட்க முடியாது. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போட்டோம். பன்னிரண்டு மாதத்துக் குறையை மட்டும் தவணையில் கட்டினாள்.

ஆகவே பில் குறைவாய் வருகிறவர்களும் மீற்றரைப் பாருங்கோ. குறைவு என்று சந்தோஷப்பட்டு இருக்க வேண்டாம்.

---

மதுரைக்காரன்_இல்ஃபோர்ட்

> மற்ற எண்களில் ஒரு வீதம் இரண்டு வீதம் போகலாம், வரலாம்

அண்ணே, இதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. 1.02264 எல்லோருக்கும் ஒன்றே என்பது நியாயமாத் தெரியலை. பீக் மாவட்டத்தில் பக்ஸ்டன் 300 மீட்டர் உயரத்தில் இருக்கு. அங்கே காற்றழுத்தம் 978 மில்லிபார். 21 கூட்டினால் 999. கணக்குப்படி அழுத்தப் பங்கு 0.986, ஆனால் அவர்களிடம் 1.013 என்று வாங்குகிறார்கள். 2.7 சதவீதம் வராத சூட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆண்டுக்கு 11,500 கிலோவாட் மணி பிடிக்கிற வீட்டில் அது 310 கிலோவாட் மணி, 18 பவுண்டுக்கு மேல். ஒரு ஊருக்கே சேர்த்துப் பாருங்க.

---

டோர்ட்முண்ட்_குமரன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஜெர்மனியில் மதுரைக்காரன் கேட்பதைத்தான் செய்கிறார்கள். இங்கே பில்லில் உங்கள் 1.02264 போல நிலை எண் என்று ஒன்று தனியாக இருக்கும், அது ஊரின் உயரத்தைப் பொறுத்தது. எங்கள் ஊர் தாழ்ந்த ஊர், 0.96 பக்கம் வரும். மியூனிக் 500 மீற்றருக்கு மேல், அங்கே 0.91 பக்கம். ஒன்றுக்குக் கீழே இருப்பதன் காரணம், இங்கே ஒப்பீட்டு நிலை 0 பாகை, இங்கிலாந்து போல 15 இல்லை. ஆகவே இந்த எண்ணையும் உங்கள் எண்ணையும் நேராக ஒப்பிட வேண்டாம், கலோரிப் பெறுமானமும் 0 பாகைக்கு உரியதாகவே இருக்கும். வெப்பநிலையை மட்டும் இங்கேயும் எல்லா வீட்டுக்கும் 15 பாகை என்றே வைக்கிறார்கள்.

---

பரிஸ்_வாசன்

பிரான்சில் இவ்வளவு பிரித்துக் காட்டுவதில்லை. கன மீற்றரைக் கிலோவாற் மணியாக மாற்ற மாற்றுக் குணகம் என்று ஒரே எண். பெரும்பாலான இடங்களில் 11க்கு மேல். வடக்கில், பெல்ஜிய எல்லைப் பக்கம், நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலிலிருந்து வந்த காஸைப் பாவித்த ஊர்களில் 10 பக்கம்தான். அதில் நைதரசன் அதிகம். அந்த ஊர்களை ஒவ்வொன்றாக மற்றக் காஸுக்கு மாற்றி வருகிறார்கள்.

---

கொதிகலன்

மதுரைக்காரன் தம்பியின் கணக்கு சரி. பக்ஸ்டன்காரருக்கு உயரத்தால் நட்டம். வெப்பநிலையையும் பாருங்கள். வீட்டுக் காஸின் பெரும்பகுதி போவது குளிர்காலத்தில். நிலத்தடிக் குழாய் வழியாக வரும் காஸ் அப்போது 7 பாகை அளவில் இருந்தால், விதியில் உள்ள 12.2ஐ விடச் சுருங்கிப் போய் ஒரே கன மீற்றருக்குள் 1.9 வீதம் கூடுதலாக அடங்கும். அது பாவிப்பவருக்கு இலாபம். குளிர் ஊர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டும் முழுதாக ஈடாகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். மலை ஊர்களுக்கு ஜெர்மனி மாதிரி தனி எண் கொடுக்கலாம், அதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு 732,000 கிலோவாற் மணிக்கு மேல் எடுக்கிற தொழிற்சாலைகளுக்கு இங்கேயே தனி எண் கொடுக்கிறார்கள்.

ஆனால் 18 பவுண்ஸ் வருடத்துக்கு. ஹாரோ தம்பியிடம் ஒரே மாதத்தில் 151 பவுண்ஸ் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னது அதனால்தான்.

---

மதுரைக்காரன்_இல்ஃபோர்ட்

சரிண்ணே, அந்த வரிசை சரிதான். மலை ஊர் விஷயத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை. எங்க எம்.பி.க்கு எழுதப் போறேன்.

---

ஹாரோ_புதுக்குடி

கொதிகலன் அண்ணை சொன்ன சோதனை செய்தேன். பத்து நிமிடத்தில் 43 லீற்றர். எல்லாம் நிறுத்திய பிறகு இலக்கம் அசையவில்லை. படங்களோடு முறைப்பாடு போட்டேன். கம்பனி மீற்றர் விவரத்தைத் திருத்தி, வந்த நாளிலிருந்து எல்லாப் பில்லையும் திரும்பப் போட்டிருக்கிறது. டிசம்பருக்கு 1,377 கிலோவாற் மணி, மதுரைக்காரன் போட்ட அதே எண். கூடுதலாக எடுத்த காசு கணக்கில் வரவாக நிற்கிறது, அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் மிக்க நன்றி.

---

சாந்தி_லூயிஷம்

மிகவும் சந்தோஷம் தம்பி. முன்பு இருந்தவர்களின் விபரம் வீட்டு ஏஜென்டிடம் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கோ. மீற்றர் மாற்றிய நாளிலிருந்து நீங்கள் வரும் வரை அவர்களும் மூன்று மடங்கு கட்டியிருக்கலாம்.

---

நிலா_வெம்ப்ளி

தாமதமாக வாசிக்கிறேன், இரண்டு கேள்வி. ஒன்று, எங்கள் ஸ்மார்ட் மீட்டரின் சின்னத் திரையில் காட்டும் கேஸ் கிலோவாட் மணியும் பில்லும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. இரண்டு, கேஸில் ஹைட்ரஜன் கலக்கப் போவதாகச் செய்தி வந்ததே, அப்போது பில் கூடுமா?

---

கொதிகலன்

நிலா, ஸ்மார்ட் மீற்றரும் உள்ளே அளப்பது கன மீற்றரைத்தான். திரையில் வரும் கிலோவாற் மணி, கம்பனி அந்த மீற்றருக்குள் பதிந்து வைத்த கலோரிப் பெறுமானத்தால் போட்ட கணக்கு. அதைப் புதுப்பிக்காமல் விட்டால் பில்லோடு ஒன்றிரண்டு வீதம் விலகும். பிரச்சினை இல்லை. மீற்றரில் பொத்தானை அழுத்தினால் கன மீற்றர் வாசிப்பு வரும், பில்லோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான். மூன்று மடங்கு விலகினால் ஹாரோ தம்பியின் வழி.

ஹைட்ரஜன் விஷயம் கவனிக்க வேண்டியது. 20 வீதம் வரை கலக்க அனுமதிக்கலாம் என்று 2023 டிசம்பரில் அரசு கொள்கை அளவில் சொன்னது. ஹைட்ரஜனின் கலோரிப் பெறுமானம் கன மீற்றருக்கு 12 மெகா ஜூல்தான். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் 39.4 என்பது 34க்குக் கீழே இறங்கும். அதே சூட்டுக்குக் கன மீற்றர் கூடுதலாக ஓடும். பில்லில் சரியான பெறுமானம் போட்டால் உங்கள் காசு மாறாது.

சிக்கல் வேறு இடத்தில். ஒரு பகுதிக்குள் பல இடங்களிலிருந்து காஸ் வந்தால் சராசரியைத்தான் பில்லில் போடுவார்கள். மெலிந்த, அதாவது சூடு குறைந்த காஸ் கிடைக்கும் தெருக்காரர் சராசரிக்குக் காசு கட்டினால் அவருக்கு நட்டம். அதனால்தான் இப்போதே ஒரு வரம்பு இருக்கிறது: அந்தப் பகுதிக்குள் வரும் மிகக் குறைந்த பெறுமானத்தைவிட 1 மெகா ஜூலுக்கு மேல் பில்லில் போடக் கூடாது. சாணம், உணவுக்கழிவிலிருந்து எடுக்கும் மீதேனைக் குழாயில் விடுகிற ஆலைகள் இந்த வரம்பால்தான் அதில் புரொப்பேன் கலந்து பெறுமானத்தைக் கூட்டி விடுகின்றன. பச்சை எரிவாயுவில் எண்ணெய்க் கிணற்றுப் புரொப்பேனைக் கலக்க வேண்டியிருக்கிறது, பாவிப்பவர் ஏமாறாமல் இருக்க இன்று அதுதான் வழி. ஹைட்ரஜன் வந்தால் ஒரு சின்ன வட்டாரத்துக்கே தனிப் பெறுமானம் அளந்து போட வேண்டிவரும். அந்த வரம்பைத் தளர்த்தப் பார்த்தால் நாங்கள் எதிர்த்து எழுத வேண்டும்.

---

நிலா_வெம்ப்ளி

விளங்கிவிட்டது அண்ணா. மீட்டரில் கன மீட்டர் வாசிப்பைப் பார்த்தேன், பில்லோடு ஒத்துப்போகிறது. திரைக்கும் பில்லுக்கும் இடையில் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். கலோரி மதிப்பைப் புதுப்பிக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன்.